ஆள் போனால் நாற்காலியும் போகும்: அமெரிக்க மாநிலங்களின் கணக்கு

2020-ல் அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. 2021 ஏப்ரலில் முடிவு வந்தபோது நியூயார்க் மாநிலத்துக்கு ஒரு அதிர்ச்சி. பிரதிநிதிகள் சபையில் அதற்கு இருந்த 27 இடங்களில் ஒன்று பறிபோனது. கணக்கில் இன்னும் 89 பேர் கூடுதலாக வந்திருந்தால் அந்த இடம் தப்பியிருக்கும். ஆமாம், வெறும் 89 பேர்! 2 கோடிப் பேர் வசிக்கும் மாநிலம் அது. ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டு மாடி ஜனங்கள் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பியிருந்தால் போதும். அந்தக் கடைசி நாற்காலி மினசோட்டாவுக்குப் போனது.

ஏன் இப்படி? அமெரிக்க அரசியல் சாசனப்படி பத்து வருடத்துக்கு ஒருமுறை தலைகளை எண்ணி, அதன்படி சபை இடங்களைப் பிரிக்க வேண்டும். மொத்த இடங்கள் 435. இது 1910-களிலிருந்து கிட்டத்தட்ட மாறவே இல்லை. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் வாக்குகளும் இந்த இடங்களை வைத்தே ஒவ்வொரு மாநிலத்துக்கும் கிடைக்கின்றன. ஆக, ஒரு மாநிலத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது வெறும் பொது அறிவுக் கேள்வி அல்ல. அது நேரடியாக அதிகாரக் கணக்கு.

நான் பி.காம் மாணவன் என்பதால் எனக்கு இதைப் பார்த்ததும் இரட்டைப் பதிவு முறைதான் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு கணக்கில் பற்று எழுதினால் இன்னொரு கணக்கில் வரவு எழுத வேண்டும் அல்லவா? உள்நாட்டு இடப்பெயர்வும் அப்படித்தான். ஒருவர் ஒஹையோவை விட்டு டெக்சாஸ் போனால் அங்கே ஒன்று குறையும், இங்கே ஒன்று கூடும். நாட்டின் மொத்தம் மாறாது. பிறப்பு, இறப்பு, வெளிநாட்டிலிருந்து குடியேற்றம் இவைதான் மொத்தத்தை மாற்றும். சபை இடங்களும் 435-ல் பூட்டப்பட்டிருப்பதால் ஒருவருக்கு லாபம் என்றால் இன்னொருவருக்கு நஷ்டம் நிச்சயம்.

இதில் ஒரு வேடிக்கை, நஷ்டப்பட ஒரு மாநிலம் சுருங்கவே வேண்டாம். அயோவாவைப் பாருங்கள். 1900-ல் அங்கே சுமார் 22 லட்சம் பேர், சபையில் 11 இடங்கள். 2020-ல் சுமார் 32 லட்சம் பேர், இடங்கள் வெறும் 4! மக்கள் கூடினார்கள், செல்வாக்கு குறைந்தது. மற்றவர்கள் வேகமாக ஓடும்போது நாம் நடந்து போனாலே பின்தங்கியதாகத்தான் அர்த்தம்.

சரி, கொஞ்சம் பின்னால் போவோம்.

முதல் கணக்கெடுப்பு 1790-ல். மொத்தம் சுமார் 39 லட்சம் பேர். பெரிய மாநிலம் வர்ஜீனியா, சுமார் 7.5 லட்சம். அதில் ஏறக்குறைய 2.9 லட்சம் பேர் அடிமைகள். இடப் பங்கீட்டுக்காக ஒரு அடிமையை ஐந்தில் மூன்று பங்கு மனிதராக எண்ணினார்கள். அவருக்கு ஓட்டு கிடையாது, ஆனால் அவர் தலையை வைத்து எஜமானரின் மாநிலத்துக்கு இடம் கூடும். 1860-களில் அடிமை முறை ஒழிந்த பிறகு முழு மனிதராக எண்ணினார்கள். ஆனால் தென் மாநிலங்கள் வரி, எழுத்தறிவுத் தேர்வு, மிரட்டல் என்று பல வழிகளில் கறுப்பின மக்களை ஓட்டுப் போட விடாமல் தடுத்தன. யோசித்துப் பாருங்கள், இது முன்னதை விட மோசமான கணக்கு. தலை முழுசாக எண்ணப்படும், குரல் பூஜ்யம்.

அதற்கு அந்த மக்கள் கொடுத்த பதில்தான் வரலாற்றில் "பெரும் இடப்பெயர்வு" என்று சொல்லப்படுகிறது. 1910-ல் கறுப்பின அமெரிக்கர்களில் பத்தில் ஒன்பது பேர் தெற்கில் இருந்தார்கள். 1970-க்குள் சுமார் 60 லட்சம் பேர் கிளம்பிவிட்டார்கள். பருத்தியை அழித்த காய் வண்டு, குத்தகைக் கடன், கும்பல் கொலைகள் எல்லாம் பின்னாலிருந்து தள்ளின. முதல் உலகப் போரால் ஐரோப்பியத் தொழிலாளர் வரத்து நின்று, வடக்கே தொழிற்சாலைகளில் ஆள் தேவை முன்னாலிருந்து இழுத்தது. மிசிசிப்பியிலிருந்து ரயில் ஏறினால் சிகாகோ. அந்த நகரில் 1910-ல் சுமார் 44 ஆயிரமாக இருந்த கறுப்பின மக்கள் 1920-ல் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள்.

தெற்கின் பண்ணை முதலாளிகள் சும்மா இருக்கவில்லை. ஆள் சேர்க்க வந்த ஏஜெண்டுகளுக்குக் கட்டவே முடியாத உரிமக் கட்டணம் போட்டார்கள். ரயில் நிலையங்களில் ஆட்களைப் பிடித்து நிறுத்தினார்கள். ஆனாலும் போக்கு நிற்கவில்லை. 1928-ல் சிகாகோவிலிருந்து ஆஸ்கார் டி பிரீஸ்ட் என்பவர் காங்கிரஸுக்குத் தேர்வானார். வட மாநிலங்களிலிருந்து அப்படித் தேர்வான முதல் கறுப்பினத்தவர். அவர் பிறந்தது தெற்கே, அலபாமாவில். ஊர் மாறியதும் குரல் வந்துவிட்டது.

இதே காலத்தில் காங்கிரஸில் நடந்த கூத்தையும் சொல்ல வேண்டும். 1920 கணக்கெடுப்பில் முதன்முறையாக நகர மக்கள் கிராம மக்களை விட அதிகம் என்று வந்தது. கிராமப்புற உறுப்பினர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இடங்களை மறுபங்கீடு செய்யவே விடவில்லை! பத்து வருடம் பழைய 1910 கணக்கிலேயே சபை ஓடியது. பிடிக்காத இருப்புநிலைக் குறிப்பைக் கிழித்துப் போட்ட மாதிரி. 1929-ல் ஒரு சட்டம் கொண்டுவந்த பிறகுதான் பங்கீடு கிட்டத்தட்டத் தானாகவே நடக்கும் நிலை வந்தது.

அடுத்து 1930-கள். பொருளாதார மந்தம் ஒரு பக்கம், சமவெளிகளில் புழுதிப் புயல் ஒரு பக்கம். ஓக்லஹோமாவின் மக்கள்தொகை 1930-க்கும் 1940-க்கும் நடுவே சுமார் 60 ஆயிரம் குறைந்தது. கிளம்பியவர்களில் நிறையப் பேர் கலிஃபோர்னியா போனார்கள். அங்கே வரவேற்பு எப்படி? 1936-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் மாநில எல்லைக்கே ஆள் அனுப்பி, கையில் காசில்லாதவர்களைத் திருப்பி அனுப்பியது. இத்தனைக்கும் வந்தவர்களும் அதே நாட்டுக் குடிமக்கள்தான். ஏழையை வெளி மாநிலத்திலிருந்து கூட்டி வருவதே குற்றம் என்று கலிஃபோர்னியாவில் ஒரு சட்டமும் இருந்தது. 1941-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தது. ஒரு மாநிலம் தன் கதவை ஏழைகளுக்கு மட்டும் சாத்திக்கொள்ள முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

வேண்டாம் என்று விரட்டிய அந்தக் கூட்டம்தான் பிறகு கலிஃபோர்னியாவின் பலம் ஆனது. 1930-ல் சுமார் 57 லட்சமாக இருந்த மாநிலம், போர்க்கால ஆலைகள், விமானத் தொழில், வெளிநாட்டுக் குடியேற்றம் என்று வளர்ந்து 1960-களில் நியூயார்க்கைத் தாண்டி முதலிடம் பிடித்தது.

போருக்குப் பின் காற்று முழுக்கத் தெற்கு நோக்கி வீசியது. இதில் அரசியல் பாதி, ஏசி மெஷின் பாதி என்றே சொல்லலாம். வெயிலில் வெந்த ஊர்களில் வீட்டுக்கு வீடு குளிரூட்டி வந்தது. 1956 சட்டத்தால் நெடுஞ்சாலைகள் வந்தன. ஓய்வூதியம் வாங்கும் முதியவர்கள் பனிக்குப் பயந்து ஃப்ளோரிடா வந்தார்கள். டெக்சாஸிலும் ஃப்ளோரிடாவிலும் மாநில வருமான வரி கிடையாது என்பது இன்னொரு கவர்ச்சி. 1950-ல் சுமார் 28 லட்சமாக இருந்த ஃப்ளோரிடா 2020-ல் 2 கோடியே 15 லட்சம். 1970-களுக்குப் பிறகு கறுப்பினக் குடும்பங்களும் தெற்கே திரும்ப ஆரம்பித்தன. 1965-ன் வாக்குரிமைச் சட்டம் வந்த பின் அந்தத் தெற்கு பழைய தெற்கு அல்லவே!

விளைவு 2020-ல் தெரிந்தது. பத்து வருடத்தில் டெக்சாஸ் ஏறக்குறைய 40 லட்சம் பேரைச் சேர்த்து இரண்டு இடங்கள் கூடுதலாகப் பெற்றது. ஒரு காலத்தில் 45 இடங்கள் வைத்திருந்த நியூயார்க் 26-க்கு இறங்கியது. கலிஃபோர்னியாவும் 1850-ல் மாநிலமான பிறகு முதன்முறையாக ஒரு இடத்தை இழந்தது. வீட்டு விலை எட்டாத உயரத்துக்குப் போனதால் அங்கிருந்து கிளம்பியவர்கள் ஏராளம்.

கதை அதோடு முடியவில்லை. 2022-ல் கணக்கெடுப்புத் துறையே சரிபார்த்தபோது டெக்சாஸ், ஃப்ளோரிடா உட்பட 6 மாநிலங்களில் ஆட்களைக் குறைவாக எண்ணியிருப்பதும், நியூயார்க், மினசோட்டா உட்பட 8 மாநிலங்களில் அதிகமாக எண்ணியிருப்பதும் தெரியவந்தது. ஆனால் தணிக்கையில் பிழை தெரிந்தாலும் கொடுத்த நாற்காலியை மாற்றவில்லை. கம்பெனிக் கணக்கில் இப்படி விட முடியுமா?

எனக்குத் தோன்றுவது இதுதான். ஓட்டு மறுக்கப்பட்டவனுக்கும், நிலம் புழுதியாகப் போனவனுக்கும், வாடகை கட்ட முடியாதவனுக்கும் கையில் மிஞ்சிய ஒரே வழி, மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்புவது. அவன் அரசியல் கணக்குப் போட்டுக் கிளம்பவில்லை, பிழைக்கத்தான் போனான். ஆனால் அப்படிப் போனவர்கள்தான் வாஷிங்டனில் யார் எத்தனை பேராக உட்கார்வது என்பதை மாற்றினார்கள். அடுத்த எண்ணிக்கை 2030-ல். இப்போது சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் அதில் எந்தப் பக்கம் வரவாகப் போகின்றன என்று பார்ப்போம்.