பரணைக் காலி பண்ணப் போறீங்களா? எதை விற்கலாம், எதை எரிக்கக் கூடாது, எதைத் தூக்கிப் போடவே கூடாது?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை போன்ற ஊர்களில், பழைய ஓட்டு வீட்டை இடிச்சு மாடி வீடு கட்டும்போதும் சரி, போகிக்கு வீட்டைச் சுத்தம் பண்ணும்போதும் சரி, முதல்ல கீழே இறங்குவது பரண் மேல் கிடக்கும் சாமான்தான். பித்தளை அண்டா, ஓடாத டிவி, தாத்தா காலத்துத் தகரப் பெட்டி, கட்டுக் கட்டாகப் பழைய பேப்பர் எல்லாம் ஒரே குவியலா வாசலுக்கு வந்துடும். அவசரத்தில் தவறு நடப்பது இந்த இடத்தில்தான். எப்படிப் பிரிப்பது? முழு விவரம் இதோ.

போகி அன்று எரித்தால் என்ன தப்பு?

அந்தக் காலத்தில் போகித் தீயில் போனது கிழிந்த பாய், ஓலை, வைக்கோல், பழைய துடைப்பம். இப்போது போவது டயர், பிளாஸ்டிக் குடம், ரெக்சின் சோபா, ஒயர். ஒயரின் மேலுறையான பி.வி.சி. எரியும்போது டையாக்சின் என்ற நச்சு உருவாகும். தை பிறக்கும் முன் விடியற்காலைக் குளிரில் புகை மேலே போகாமல் தரையை ஒட்டியே நிற்கும். 2018 போகி அன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்களே திருப்பி விடப்பட்டன.

திடக்கழிவு மேலாண்மை விதிகள் தெருவிலும் பொது இடத்திலும் குப்பையை எரிக்கக் கூடாது என்கின்றன. 14 கி.மீ. கிரிவலப் பாதையில் பக்தர்கள் வெறுங்காலோடு மூச்சு வாங்க நடக்கும் ஊரில் இதைத் தனியாகச் சொல்லவே தேவையில்லை.

பழைய டிவி, மிக்சி, பேட்டரியை என்ன செய்வது?

2006-ல் தொடங்கிய இலவச கலர் டிவி, 2011-ல் தொடங்கிய மிக்சி, கிரைண்டர், ஃபேன் திட்டங்களில் வந்த பொருட்கள் இன்று பல வீடுகளில் பரண் மேல்தான் இருக்கின்றன.

பழைய குண்டு டிவியின் கண்ணாடிக் குழாயில் ஈயம் கலந்திருக்கும். செம்புக் கம்பிக்காக அதை வீட்டில் உடைக்காதீங்க. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பழைய சாதனங்கள் முறையாக மறுசுழற்சி ஆவதற்கு உற்பத்தி நிறுவனங்களே பொறுப்பு. கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் கேட்டால் எங்கே ஒப்படைப்பது என்று சொல்வார்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதுசு வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். சி.எஃப்.எல். பல்பு, பழைய தெர்மாமீட்டர் இரண்டிலும் பாதரசம் உண்டு. உடையாமல் தனிப் பையில் கட்டி, காலாவதியான மாத்திரைகளையும் இன்னொரு பையில் போட்டு, தூய்மைப் பணியாளரிடம் என்ன இருக்குன்னு சொல்லிக் கொடுங்க. குப்பையைக் கையால் பிரிப்பவர் அவர்தான்.

இரும்பு, பித்தளை, அலுமினியம், நோட்டுப் புத்தகம் பழைய இரும்புக் கடைக்குப் போகலாம். எடை போடும்போது பக்கத்தில் நில்லுங்க.

எதைத் தூக்கிப் போடவே கூடாது?

தகரப் பெட்டியில் இருக்கும் பேப்பரை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்க. மூலப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், உயில், பட்டா, பழைய வரி ரசீது, பிறப்பு, இறப்புச் சான்றிதழ் இருக்கலாம். மூலப் பத்திரம் தொலைந்தால் போலீசில் புகார், நாளிதழ் விளம்பரம், 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற சான்றிதழ் என மாதக் கணக்கில் அலைய வேண்டியிருக்கும். கரையான் அரித்த பத்திரம் என்றாலும் வச்சுக்கோங்க. அதில் பதிவு எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகப் பெயர் தெரிந்தால் நகல் வாங்க முடியும்.

ஓலைச்சுவடி கிடைத்தால்?

'யாருக்கும் படிக்கத் தெரியல' என்று ஓலைக்கட்டை அடுப்பில் போட்ட வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டதும் உண்டு. உ.வே.சாமிநாதையர் சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூர் போனபோது, அங்கிருந்த ஏடுகள் நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் போடப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள் என்று 'என் சரித்திரம்' நூலில் வேதனையோடு எழுதியிருக்கிறார். அதே உ.வே.சா. தப்பிப் பிழைத்த ஏடுகளை வைத்துத்தான் 1892-ல் சிலப்பதிகாரத்தையும் 1894-ல் புறநானூற்றையும் பதிப்பித்தார்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையிலேயே மாணிக்கவாசகருக்குக் கோயில் இருக்கிறது. மார்கழியில் பாடும் திருவெம்பாவையை அவர் திருவண்ணாமலையில் பாடினார் என்பது மரபு. அந்தப் பாட்டு நம்ம கைக்கு வந்தது, ஓலை பழசானபோது யாரோ அதைத் தூக்கிப் போடாமல் புது ஓலையில் படி எடுத்து வைத்ததால்தான்.

ஓலைக்கட்டு கிடைத்தால்:

• தண்ணீர், ஈரத்துணி வேண்டாம். மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும்.
• ஒட்டியிருக்கும் ஓலைகளை இழுத்துப் பிரிக்காதீங்க. கயிற்றையும் மாற்றாதீங்க.
• போட்டோ எடுத்து, சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் ஒன்றை அணுகுங்க. பழைய அச்சுப் புத்தகம், இதழ் என்றால் சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் கேட்கலாம்.
• வீடு தேடி வந்து விலை கேட்பவரிடம் கொடுத்துவிடாதீங்க. 1972 தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த சிலைகளும், வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள 75 ஆண்டு கடந்த சுவடிகளும் தொல்பொருட்கள். உரிமம் இல்லாமல் அவற்றை வியாபாரம் செய்வதும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம்.

எப்படித் தொடங்குவது?

போகிக்கு முந்தைய நாள் தொடங்காமல், ஒரு வாரம் முன்னாடியே தொடங்குங்க. கையுறை, மாஸ்க் போட்டுக்கோங்க. பரணில் தேள் இருக்கலாம், எலி எச்சமும் இருக்கும். இறக்கியதை விற்பது, ஒப்படைப்பது, பார்த்துச் சொல்ல வேண்டியது என மூன்று குவியலாக்குங்க. மூன்றாவது குவியலை வீட்டுப் பெரியவர் ஒருவர் பார்த்த பிறகே வெளியே அனுப்புங்க. பாட்டி கையெழுத்து எது, பங்காளி கொடுத்த ரசீது எது என்று அவங்களுக்குத்தான் தெரியும். இரும்புக் கடைக்குப் போன அண்டாவை மறுநாள் போய்க் கேட்டாலும் கிடைக்கலாம். தீயில் போட்ட பத்திரம் திரும்பக் கிடைக்காது.