நாற்காலியிலிருந்து எழ கஷ்டமா? வயதானால் தசை கரைவது ஏன்?

விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் தரையில் உட்காரும் பெரியவர்கள், எழும்போது தூணைத் தேடுவார்கள். "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் இது 'சார்கோபீனியா' எனும் தசை இழப்பாக இருக்கலாம். கவனிக்காவிட்டால் கீழே விழும் ஆபத்து அதிகம்.

தசை ஏன் கரைகிறது?

காயம் பட்டால் வரும் அழற்சி சில நாளில் அடங்கிவிடும். முதுமையில் லேசான அழற்சி அடங்காமலே தொடரும். ஐஎல்-6, டிஎன்எஃப்-ஆல்பா போன்ற புரதங்கள் தசைச் சிதைவைக் கூட்டும். தொப்பையும் அசையாமல் உட்கார்ந்திருப்பதும் இதை மோசமாக்கும்.

உடற்பயிற்சி என்ன செய்யும்?

பயிற்சியின்போது தசையும் ஐஎல்-6-ஐ வெளியிடும். ஆனால் அது கொஞ்ச நேரமே இருந்து, அழற்சியைத் தணிக்கும். நடைப்பயிற்சி மட்டும் போதாது. வாரம் 2 நாளாவது தசைக்கு வலு தரும் பயிற்சியும் தேவை என்கிறது உலக சுகாதார அமைப்பு.

வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்காருங்க. பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், ஆசிய நிபுணர் குழுவின் 2019 வரையறைப்படி அது எச்சரிக்கை. டாக்டரைப் பாருங்க.

படுக்கையில் இருப்பவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி உண்டு.