கோள்வடிவ நெபுலாக்கள்: தூரமும் முப்பரிமாண வடிவமும்

சூரியனை ஒத்த விண்மீன் முதுமையில் உதறும் வாயு உறையே கோள்வடிவ நெபுலா. 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் பூனைக்கண் நெபுலாவின் நிறமாலையில் தனித்தனி ஒளிக்கோடுகளைக் கண்டு, அது வாயுவே என்று நிறுவினார். எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதுதான் பிடிபடவில்லை. ஏனெனில் இந்நெபுலாக்கள் ஒரே அளவின அல்ல, ஒரே பிரகாசமும் கொண்டவை அல்ல.

1956இல் சோவியத் வானியலாளர் ஷ்க்ளோவ்ஸ்கி துணிந்து ஒரு வழி சொன்னார். எல்லா நெபுலாக்களிலும் அயனியான வாயுவின் நிறை ஒன்றே என்று வைத்துக்கொண்டால், கோண அளவும் பிரகாசமும் போதும், தூரம் வந்துவிடும். அனுமானம் தவறுதான். ஆனாலும் நிறை 10 மடங்கு பிசகினால் தூரம் சுமார் 2.5 மடங்கே பிசகும் என்பதால் இம்முறை நெடுங்காலம் தாக்குப்பிடித்தது.

அடுத்த வழி, விரிவை அளப்பது. நெபுலாவின் நடுவில் நிறமாலைக் கோடு இரண்டாகப் பிளந்திருக்கும்: நம்மை நோக்கி வரும் வாயு நீலப்பக்கமும் விலகும் வாயு சிவப்புப்பக்கமும் நகர்ந்திருக்கும். அந்த இடைவெளி வேகத்தை (டாப்ளர் வேகம்) தரும். விளிம்பு வானில் நகரும் கோணத்தோடு அதை ஒப்பிட்டால் தூரம் கிடைக்கும். நொடிக்கு 20 கி.மீ. வேகத்தில் விரியும் உறை 3,260 ஒளியாண்டு தொலைவில் இருந்தால், அதன் விளிம்பு ஆண்டுக்கு ஒரு வில்விநாடியில் ஆயிரத்தில் நான்கு பங்கே நகரும். ஹபிள் தொலைநோக்கி 1994இலும் 1997இலும் எடுத்த படங்களை ஒப்பிட்டு, பூனைக்கண் நெபுலா சுமார் 3,300 ஒளியாண்டு தொலைவில் உள்ளது என 1999இல் கணித்தார்கள். பிழை வரம்பு அதில் கால்பங்குக்கும் மேல்.

சிக்கல் வடிவத்தில் இருக்கிறது. நம்மை நோக்கிய வேகமும் பக்கவாட்டு வேகமும் சமம் என்று கொண்டால்தான் இக்கணக்கு செல்லும். உறை உருண்டையாக இருந்தால் சரி, பெரும்பாலானவை அப்படி இல்லை. படத்தில் வட்டமாகத் தெரியும் வளைய நெபுலாவையே பாருங்கள். 2013இல் வானியலாளர் ஓடெல் குழுவினர் காட்டியபடி, அது உளுந்து வடையின் துளையில் இருபுறமும் துருத்தி நிற்கும் நீள்பந்து போன்றது; நாம் ஏறக்குறைய அதன் முனைப்பக்கமிருந்து பார்க்கிறோம். மேலும், கண்ணில் படும் விளிம்பு பெரும்பாலும் அயனியாக்க முகப்பு, அதாவது விண்மீனின் ஒளி வாயுவை அயனியாக்கிக்கொண்டு முன்னேறும் எல்லை. அது வாயுவைவிட வேகமாக நகர்வதால், தூரம் குறைவாகக் கணிக்கப்படும் என்று 2004இல் வானியலாளர் மெல்லமா சுட்டினார்.

வடிவத்தைச் சாராத தூரத்தைத் தந்தது கையா விண்கலம். மைய விண்மீனின் இடமாறு தோற்றத்தை நேரடியாக அளந்து, வளைய நெபுலாவை ஏறத்தாழ 2,600 ஒளியாண்டிலும் ஹீலிக்ஸ் நெபுலாவை 650 ஒளியாண்டிலும் வைத்தது. இப்போது கணக்கைத் திருப்பிப் போடலாம்: தூரமும் கோண வளர்ச்சியும் பக்கவாட்டு வேகத்தைத் தர, அதை டாப்ளர் வேகத்தோடு ஒப்பிட்டால் உறை நம் பக்கம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது தெரியும். மைய விண்மீன் மிக மங்கலாக இருந்தாலோ, அது எதுவென்றே அடையாளம் காண முடியாமல் போனாலோ இது கைகொடுக்காது. அத்தகைய நெபுலாக்களுக்கு, பரப்புப் பிரகாசத்தையும் ஆரத்தையும் இணைத்து ஃப்ரூ, பார்க்கர், போயிச்சிச் மூவரும் 2016இல் வெளியிட்ட புள்ளியியல் அளவுகோல் இன்றும் பயன்படுகிறது.