தானத்து மாட்டின் பல்

ஆஸ்பத்திரி எம்.ஆர்.டி.யிலேயே என் உத்தியோகக் காலம் கழிந்தது. கேஸ் ஷீட்டுகளைக் கட்டி, நம்பர் போட்டு அடுக்கி, கரையானிடமிருந்து காப்பாற்றி, வக்கீல் நோட்டீஸ் வந்ததும் எடுத்துக் கொடுக்கிற அறை அது. ரிட்டையர் ஆன பிறகும் சின்ன நர்சிங் ஹோம் நடத்தும் டாக்டர்கள் போன் செய்கிறார்கள். "மேடம், பேஷன்ட் ரெக்கார்டு வைக்க ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்காமே, போட்டுரலாமா?" தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிற மாட்டை மட்டும் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

இந்த மாடு பிறந்த தொழுவம் பாஸ்டனில் இருக்கிறது. 1966, 67-ல் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில், டாக்டர் ஆக்டோ பார்னெட்டின் ஆய்வுக்கூடத்தில், நீல் பப்பலார்டோவும் கூட இருந்தவர்களும் நோயாளி விவரங்களை வைப்பதற்கென்றே ஒரு கணினி மொழி எழுதினார்கள். பெயர் மம்ப்ஸ். பொன்னுக்கு வீங்கிக்கு இங்கிலீஷில் அதுதான் பெயர். ஆஸ்பத்திரிக்காரர்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும். ஒரு நோயாளிக்கு ரெண்டு டெஸ்ட் எடுத்திருப்பார்கள், பக்கத்துப் படுக்கைக்காரருக்கு இருநூறு. கட்டம் போட்ட அட்டவணையில் வைத்தால் முக்கால்வாசிக் கட்டம் காலியாகக் கிடக்கும். மம்ப்ஸ் இருப்பதை மட்டும் கிளை கிளையாக வைத்துக்கொள்ளும். அரசாங்க ஆராய்ச்சிப் பணத்தில் உருவானது என்பதால் மற்ற இடங்களும் எடுத்துக்கொண்டன.

எடுத்துக்கொண்டவர்கள் எல்லோரும் இனாமாகவே கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. பப்பலார்டோ 1969-ல் மெடிடெக் என்ற கம்பெனியைத் தொடங்கினார். 1979-ல் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில் ஜூடி ஃபாக்னர் அதே மொழியை வைத்து ஆரம்பித்ததுதான் இன்றைய எபிக் கம்பெனி. மம்ப்ஸ் பிறந்த அந்த பாஸ்டன் ஆஸ்பத்திரி சேர்ந்திருக்கும் குழுமம், தன் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் எபிக் போட எடுத்த திட்டத்தின் செலவு 120 கோடி டாலர். தன் வீட்டில் பிறந்த கன்று பசுவாகித் திரும்பிவந்தபோது கொடுத்த விலை.

ஆனால் அந்த மொழியிலிருந்து கிளைத்த இன்னொரு கதைதான் எனக்குப் பிடித்தது. அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கென்று அரசே நடத்தும் ஆஸ்பத்திரிகள் உண்டு. 1970-களின் கடைசியில், வாஷிங்டனில் இருந்த கம்ப்யூட்டர் இலாகா எல்லாவற்றையும் மையத்தில் வைத்து, தானே ஆள வேண்டும் என்று நினைத்தது. டெட் ஓநீல், மார்ட்டி ஜான்சன் என்ற இரண்டு அதிகாரிகள் வேறு மாதிரி நினைத்தார்கள். புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களை ஆஸ்பத்திரிகளிலேயே வேலைக்கு அமர்த்தினார்கள். 1978 டிசம்பரில் ஒக்லஹோமா சிட்டியில் கூடிப் பேசி, மம்ப்ஸில் சின்னச் சின்னத் துண்டுகளாக எழுத ஆரம்பித்தார்கள். ஒருவர் எழுதியதை மற்ற ஆஸ்பத்திரியும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பது ஏற்பாடு. தங்களை 'ஹார்டுஹாட்ஸ்' என்று அழைத்துக்கொண்டார்கள்.

தலைமை அலுவலகம் சும்மா இருக்குமா? திட்டத்தை முடக்கியது. சிலருக்கு வேலை போனது, சிலர் பந்தாடப்பட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் டாக்டர்களின் ஆதரவோடு ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஓசைப்படாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். அடிமைகள் தப்பிப் போக உதவிய ரகசிய வலைக்கு அந்த நாட்டில் இருந்த பெயர் 'அண்டர்கிரவுண்ட் ரயில்ரோடு'. அதையே தங்களுக்கும் வைத்துக்கொண்டு, அங்கத்தினர் கார்டுகூட அச்சடித்தார்கள். மேலதிகாரியோடு மோதியதற்கு இது கொஞ்சம் அதிகப்படியான பெயர்தான். 1982-ல் துறைத் தலைவர் ராபர்ட் நிம்மோ உத்தரவு போட்டு அங்கீகரித்த பிறகுதான் அவர்கள் வெளிச்சத்துக்கு வந்தார்கள். அப்போது துணைத் தலைவராக இருந்து ஆதரித்தவர் சக் ஹேகல். பிற்காலத்தில் பாதுகாப்பு அமைச்சரானாரே, அவர்தான்.

அந்த சாஃப்ட்வேருக்கு 1990-களில் விஸ்டா என்று பெயர் மாறியது. வார்டில் நிற்பவர்கள் சொல்லச் சொல்ல, பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதியது என்பதுதான் அதன் பலம். கன்சாஸ் மாநிலத்து டொபீகாவில் வேலை பார்த்த சூ கின்னிக் என்ற நர்ஸ் வாடகைக் காரைத் திருப்பி விடப் போயிருக்கிறார். அங்கே ஒரு ஆள் கையடக்கக் கருவியால் கார் மேலிருந்த கோடுகளைப் படித்து, நிமிஷத்தில் கணக்கை முடித்துவிட்டார். காருக்குச் செய்வதை நோயாளிக்குச் செய்ய முடியாதா என்று அந்த அம்மா கேட்ட கேள்வியிலிருந்து, நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையையும் மருந்தையும் படித்துச் சரிபார்த்த பிறகே மருந்து கொடுக்கும் முறை அந்த ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது. 2005-ல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது ஊரில் எத்தனையோ காகித ரெக்கார்டுகள் நாசமாயின. இடம்பெயர்ந்த முன்னாள் ராணுவத்தினரின் விவரங்களை மட்டும் வேறு ஊர்களில் இருந்த அரசு ஆஸ்பத்திரிகள் திறந்து பார்த்தன. வெள்ளம் புகுந்த ரெக்கார்டு அறையை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை என் போன்றவர்களுக்குத் தெரியும்.

அமெரிக்க மத்திய அரசு ஊழியர் வேலையில் எழுதியதற்கு அந்த நாட்டில் பதிப்புரிமை கிடையாது. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால் விஸ்டாவின் நிரலைக் கொடுத்தாக வேண்டும். ஜோர்டான் நாடு 2009-ல் தொடங்கிய தன் 'ஹக்கீம்' திட்டத்துக்கு இதைத்தான் எடுத்துக்கொண்டது.

சரி, மாடு இனாம். தீனி? மம்ப்ஸ் நிரல் ஓட, அதற்கென்று ஒரு எஞ்சின் வேண்டும். அதை ஒரு தனியார் கம்பெனியிடம் லைசென்ஸ் கட்டித்தான் வாங்க வேண்டியிருந்தது. 2000-த்தில் ஜி.டி.எம். என்ற எஞ்சினை லினக்ஸுக்கு இலவசமாகத் திறந்துவிட்ட பிறகுதான் அந்தச் செலவைத் தவிர்க்க வழி பிறந்தது. அப்போதும் லேப் மெஷினோடு இணைக்கவும், பில்லிங் சேர்க்கவும், நர்சுகளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் ஆள் வேண்டும். டெக்ஸாஸில் மிட்லாண்ட் மெமோரியல் என்ற ஆஸ்பத்திரி விஸ்டாவைப் போட்டது. மற்ற கம்பெனிகள் கேட்டதைவிட மிகக் குறைவு என்றாலும், அதற்கும் பல மில்லியன் டாலர் ஆனது. அதைப் போட்டுக்கொடுத்த மெட்ஸ்பியர் கம்பெனி, நிரலின் ஒரு பகுதியைப் பொதுவில் வெளியிட்டதற்காகத் தன்னைத் தொடங்கிய சகோதரர்கள் மீதே 2006-ல் 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. பொதுச்சொத்தின் மேல் கட்டிய வீட்டுக்கு வேலி யாருடையது என்ற சண்டை. மறு வருஷம் சமரசமானார்கள்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற செலவு. தெரியாத செலவுக்கு வருகிறேன்.

2005-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிராக்டிஸ் ஃப்யூஷன் என்ற கம்பெனி ஆரம்பித்தது. தனி கிளினிக் டாக்டர்களுக்கு ரெக்கார்டு சாஃப்ட்வேர் முழு இனாம். எஞ்சின் வேண்டாம், சர்வர் வேண்டாம், இன்டர்நெட்டில் திறந்தால் போதும். திரையோரம் மருந்து விளம்பரம் ஓடும், பெயர் நீக்கிய நோயாளி விவரங்களை விற்பார்கள், வருமானம் அது. 2009-ல் அமெரிக்க அரசு கணினிக்கு மாறும் டாக்டர்களுக்கு ஊக்கத்தொகை அறிவிக்கவும், கூட்டம் சேர்ந்தது.

2016-லிருந்து 2019 வரை அந்தத் திரையில் ஓர் அறிவிப்பு எழும்பிக்கொண்டிருந்தது. நோயாளியின் வலியைப் பற்றி டாக்டருக்கு நினைவூட்டி, சிகிச்சை வழிகளைப் பட்டியல் போட்டுக் காட்டும். பார்த்தால் மருத்துவ ஆலோசனை. உண்மையில் அதை வைக்க ஓபியாய்டு வலி மருந்து விற்கும் கம்பெனி ஒன்று கிட்டத்தட்ட 10 லட்சம் டாலர் கொடுத்திருந்தது. அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதில் அதன் மார்க்கெட்டிங் ஆட்களுக்கும் கை இருந்தது. ஓபியாய்டு பழக்கத்தால் ஊர் ஊராக ஆட்கள் செத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. 2020 ஜனவரியில் பிராக்டிஸ் ஃப்யூஷன் குற்றத்தை ஒத்துக்கொண்டு 14.5 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. அதற்குள் 2018-ல் கம்பெனி கைமாறி, இனாமும் முடிந்து, மாதச் சந்தா வந்துவிட்டது.

டாக்டருக்கு இனாம்தான், சந்தேகமில்லை. விலையைக் கொடுத்தவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து முதுகுவலி என்று சொன்ன நோயாளி. விஸ்டாவுக்கு வரி கட்டியவர் முன்கூட்டியே கொடுத்துவிட்டார். இங்கே நோயாளியிடம் கேட்காமலே வசூல் செய்தார்கள். எனக்கு இவை இரண்டும் ஒரே இனாம் இல்லை.

காசு கொடுத்து வாங்கினால் தொல்லை இல்லை என்று அவசரப்பட வேண்டாம். அதே முன்னாள் ராணுவத்தினர் துறை விஸ்டாவைக் கைவிட முடிவு செய்து, 2018-ல் செர்னர் கம்பெனியோடு 1000 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. 2020-ல் முதலில் மாறிய ஸ்போக்கேன் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் எழுதிய 11,000-க்கும் மேற்பட்ட உத்தரவுகள் யாரும் பார்க்காத ஒரு வரிசையில் போய் விழுந்து கிடந்ததை அரசின் தணிக்கையே கண்டுபிடித்தது. ஐந்து இடங்களோடு 2023 ஏப்ரலில் நிறுத்தி வைத்தார்கள். மற்ற ஆஸ்பத்திரிகளில் பழைய மாடுதான் உழுதது.

நம் நாட்டிலும் நல்ல உதாரணம் இருக்கிறது. சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கம் கனியாரி கிராமத்தில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் ஆஸ்பத்திரியோடு சேர்ந்து உருவான 'பாம்னி' அப்படி ஒன்று. கென்யாவின் எல்டோரெட்டில் 2006-ல் ஓடத் தொடங்கிய ஓப்பன் எம்.ஆர்.எஸ். அதற்கு அடித்தளம். லைசென்ஸ் கட்டணம் இல்லை, நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் தாராளமாகப் போடலாம்.

போன் செய்கிற டாக்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் சாஃப்ட்வேர் கொடுத்தவர்கள் கடையைச் சாத்திவிட்டுப் போனார்கள்; கம்ப்யூட்டர் இருந்தது, உள்ளே இருந்த ரெக்கார்டைப் படிக்க வழியில்லை. அதனால் விலையைக் கேட்குமுன் அவர்கள் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பராமரிக்கும் ஆளின் சம்பளத்தை முதல் வருஷக் கணக்கிலேயே எழுதுங்கள். பிறகு நூறு நோயாளிகளின் ரெக்கார்டை உள்ளே ஏற்றி, வேறொரு கம்ப்யூட்டரில் வேறொரு சாஃப்ட்வேரில் திறக்கும்படி வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால், இனாமே ஆனாலும் வாங்காதீர்கள்.