ரேஷன் பையில என்ன இருக்கணும்னு யார் முடிவு பண்றது?

இன்னைக்கு எபிசோட் எங்க அப்பத்தா வீட்டுத் திண்ணையில இருந்து தொடங்குது.

புதுக்கோட்டை மாவட்டம், விராலிமலை பக்கம் ஆவூர். பழைய மாதா கோயிலுக்குப் பேர் போன ஊர். அப்பத்தா மாசாமாசம் ரேஷன் அரிசி வாங்குவாங்க. அதுல பாதி இட்லிக்கு ஊறும், கொஞ்சம் கோழிக்குப் போகும். அவங்களுக்கு சர்க்கரை நோய். டாக்டர் சோத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கார். அதனால கேழ்வரகைக் கைக்காசு போட்டு வாங்குறாங்க.

போன லீவுக்குப் போனப்ப நான் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமா கேட்டேன். "சும்மா கிடைக்கிற அரிசியைக் கோழிக்குப் போடுறீங்களே அப்பத்தா?" அவங்க முறத்தைக் கீழே வச்சாங்க. "ஏப்பா, எனக்கு என்ன வேணும்னு யாரு கேட்டா?"

அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. அரசாங்கம் சாப்பாட்டுக்கு உதவி பண்ணுது. சரி. ஆனா என்ன சாப்பிடணும்னும் அதுவே சொல்லலாமா? இது பழைய சண்டை. கொஞ்சம் பின்னாடி போவோம்.

1876-78. சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். நிவாரணச் செலவைக் குறைக்க 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்தார். வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கான காசு, மேலே ஓரணா. பவுண்டுன்னா அரைக் கிலோவுக்கும் குறைவு. மாகாணத்தின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ், இதுல உடம்பு தாங்காதுன்னு எழுதி எழுதி எதிர்த்தார். சில மாசத்துல கூலியை உயர்த்த வேண்டி வந்தது. பசிச்சவனுக்கு எவ்வளவு போதும்னு டெம்பிள் கணக்குப் போட்டப்ப, அவர் மனசுல இருந்தது கஜானா.

இப்போ அமெரிக்கா. 1939-ல் முதல் உணவுக் கூப்பன் திட்டம் நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரத்தில் தொடங்குது. ஆரஞ்சு கூப்பன், நீலக் கூப்பன்னு ரெண்டு. ஆரஞ்சை மக்கள் காசு கொடுத்து வாங்கணும், அதுக்கு எந்த உணவும் வாங்கலாம். கூடவே நீலம் இலவசமா வரும். ஆனா உபரியா விளைஞ்சு தேங்கிக் கிடக்குற பொருளைத்தான் அதுக்கு வாங்க முடியும். ஏழைக்கும் உதவி, விவசாயிக்கும் உதவி. தப்பில்லை. ஆனா அந்தப் பட்டியலைத் தீர்மானிச்சது ஏழையோட தேவை இல்லை, குடோன்ல இருந்த சரக்கு.

அந்தச் சண்டை இன்னும் முடியலை. 2025 மே மாசம், உதவிப் பணத்துல சோடா வாங்கக் கூடாதுன்னு தடை போட நெப்ராஸ்கா மாநிலத்துக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. அதுக்கான வாதத்தை லேசா ஒதுக்க முடியாது. வரிப்பணத்துல வர்ற உதவி நோயை வளர்க்கலாமா? எங்க அப்பத்தாவைப் பாத்த பிறகு, எனக்கே அந்தக் கேள்வி நியாயமாத்தான் படுது.

ஆனா நம்ம ஊரைப் பாருங்க. இங்க ரேஷன் கடையே சர்க்கரையும் பாமாயிலும் கொடுக்குது. சர்க்கரை அட்டைன்னே ஒண்ணு இருக்கு. அரிசி வேண்டாம்னா அதுக்குப் பதிலா கூடுதல் சர்க்கரை. எதுவுமே வேண்டாம்னா அதுக்கும் தனி அட்டை. ஒரு வகையில இது நல்ல ஏற்பாடு, ஏன்னா தேர்வு குடும்பத்தோட கையில. ஆனா பொங்கல் பரிசு அரிசி அட்டைக்குன்னு ஆனதும், 2019-ல் சர்க்கரை அட்டைக்காரங்க அரிசி அட்டைக்கு மாறிக்கலாம்னு அரசு வாய்ப்பு கொடுத்தது. தேர்வுக்குப் பின்னாடி எப்பவும் வேற கணக்கும் இருக்கும்.

அப்போ பேசாம காசாவே கொடுத்திடலாமே, அவங்களே வாங்கிக்கட்டும்னு நீங்க கேக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன். புதுச்சேரியில அதைச் செஞ்சு பாத்தாங்க. 2015 செப்டம்பர்ல தானியத்துக்குப் பதிலா வங்கிக் கணக்குல பணம்னு மத்திய அரசோட திட்டம் வந்தது. பிறகு மாநில அரசின் இலவச அரிசியிலயும் அதே தகராறு. முதலமைச்சர் நாராயணசாமி அரிசிதான் வேணும்னார். துணைநிலை ஆளுநர் கிரண் பேடி பணம்தான்னார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2020-ல் தீர்ப்பு ஆளுநர் பக்கம் வந்தது. ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. அரிசி வேணும்னு மக்கள் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. 2024-ல் கடைகள் திரும்பத் திறந்தன.

இது எனக்குப் பெரிய பாடம். காசு கொடுத்தா சுதந்திரம்னு நினைக்கிறோம். ஆனா விலை ஏறினா அதே காசுக்கு வர்ற அரிசி குறையும். அரிசி கேக்குறவங்க கிட்ட காசை மட்டும் நீட்டினா, அதுவும் ஒரு கட்டாயம்தான்.

அப்போ வழி? அதுவும் நம்மகிட்டயே இருக்கு. 1989-ல் சத்துணவுல முட்டை வந்தது. 2010-ல் வாரத்துக்கு அஞ்சு நாள் ஆச்சு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். முட்டையை நிறுத்தவும் இல்லை, யார் வாயிலயும் திணிக்கவும் இல்லை. அதே மாதிரி 2023-ல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்கள்ல அரிசிக்குப் பதிலா மாசம் ரெண்டு கிலோ கேழ்வரகு வாங்கிக்கலாம்னு தமிழக அரசு கொண்டுவந்தது. 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்துலயும் அரிசி, கோதுமையோட சிறுதானியத்துக்கும் இடம் இருக்கு.

என் முடிவு இதுதான். கடையில என்ன வைக்கிறதுன்னு அரசு தீர்மானிக்கலாம். எல்லாத்தையும் வைக்க முடியாது. ஆனா அக்கறைன்னு சொல்லி ஒரு பொருளைத் தடுக்கிறதுக்கு முன்னாடி, அதே அக்கறையில இன்னொரு பொருளைச் சேர்க்கட்டும். வாங்குறவங்களைக் கண்காணிக்கிறதை விட, அவங்களுக்கு ரெண்டாவது மூட்டையைத் திறந்து வைக்கிறது மேல்.

எபிசோட் ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி அப்பத்தாவுக்கு போன் போட்டேன். இந்த நீலகிரி, தருமபுரி விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "நம்ம பக்கமும் வருமாப்பா?"ன்னாங்க. "அரிசியை மொத்தமா நிறுத்திடாம இருக்கணும். இட்லிக்கு வேணுமே."

அடுத்த வாரம் சந்திப்போம்.