துணி வியாபாரி கைவழி வந்த உறைகள்

சமூக வலைத்தள ஆய்வு என்றதும் என் மாணவர்கள் கணினியைத் திறப்பார்கள். நான் 1960களின் தபாலில்தான் தொடங்குவேன். ஸ்டான்லி மில்கிராமும் ஜெஃப்ரி டிராவர்ஸும் நெப்ராஸ்காவிலும் பாஸ்டனிலுமாக 296 பேரைப் பிடித்தார்கள். பாஸ்டனில் வேலை பார்த்த பங்குத் தரகர் ஒருவருக்கு ஒவ்வொருவரிடமிருந்தும் ஓர் உறை போய்ச்சேர வேண்டும். நேரில் பழகியவருக்கு மட்டுமே அதை அனுப்பலாம்; பெற்றவரும் அப்படியே. 64 உறைகள் சேர்ந்தன. இடையாட்கள் சராசரியாக 5.2 பேர். ஊரெல்லாம் இந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டது.

என் மனம் நிற்பது வேறிடத்தில். அந்த 64இல் 16 உறைகள், தரகர் குடியிருந்த ஷேரன் ஊரின் துணி வியாபாரி ஒருவர் மூலமே வந்தன! செய்தி எல்லார் வழியாகவும் சமமாக ஓடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. பாதிவழியில் நின்றுபோன உறைகளைப் பற்றியும் நாம் இன்னும் பேசவேண்டும்.

2011இல் ஃபேஸ்புக்கின் 72 கோடிப் பயனர்களை அளந்தபோது இருவருக்கிடையிலான சராசரி தூரம் 4.74 நட்புத் தொடர்புகள் என்று வந்தது. அதில் யாரும் எதையும் அனுப்பவில்லை; நட்புப் பட்டியலிலிருந்து மிகக் குறுகிய பாதையைக் கணினி கணக்கிட்டது. மில்கிராமின் ஆட்கள் அந்தப் பாதை தெரியாமலேயே தேடினார்கள்.