பெரியப்பாவின் பெட்டியும் ஐந்தாம் றீஜனும்

போன வருசக் கடைசியில் ரொறன்ரோவிலிருந்து எங்கட வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. கப்பலில வாற பெட்டி. வழமையா அதுக்குள்ள சொக்லேற், சவர்க்காரம், பழைய ஜக்கெற் எண்டுதான் இருக்கும். இந்த முறை 63 டீவீடிகள். பெரியப்பா காலமாகி ஏழு மாசத்துக்குப் பிறகு அவரின்ர அலுமாரியை ஒதுக்கின பெரியம்மா, "உவள்தானே படம் பாத்துப் பாத்து எழுதுறவள், அவளிட்டப் போகட்டும்" எண்டு கட்டி அனுப்பியிருந்தா. நான் படிக்கிறது வரலாறு. படம் பார்க்கிறது விரிவுரைக்குப் போகாத நேரத்தில். ஆனால் அதை ஆரிட்டச் சொல்லுறது?

பெரியப்பா 1989இல் கனடா போனவர். அங்க வீடியோக் கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டுப்பட்ட காலத்தில் கழித்து விற்ற டிஸ்க்குகளைச் சேர்த்திருக்கிறார். ஒவ்வொரு கவருக்குள்ளும் பார்த்த திகதியும் இரண்டு வரியும் எழுதிய துண்டு ஒன்று. அம்மா டிஸ்க்குகளைப் பார்க்கவே இல்லை. துண்டுகளைத்தான் எடுத்து எடுத்து வாசிச்சா. "அத்தானின்ர எழுத்து இப்பிடித்தான் சரிஞ்சு சரிஞ்சு போகும்."

முதலில் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யைத்தான் போட்டம். துண்டில் பெரியப்பா எழுதியிருந்தார்: "இதை ஊரில் இருந்து பார்க்க வேணும்." எங்கட பிளேயர் நல்ல கொம்பனிச் சாமான், 2010இல் கொழும்பில் வாங்கினது. டிஸ்க் உள்ளே போய்ச் சுற்றியது. பிறகு நீலத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி: இந்தப் பிரதேசத்தில் இதை இயக்க முடியாதாம். அடுத்த டிஸ்க்கும் அப்படியே. "பழுதாப் போச்சோ?" எண்டு அம்மா கேட்டா. பழுதில்லை. பிளேயர் தனக்குச் சொல்லப்பட்ட வேலையைத்தான் சரியாகச் செய்தது. அந்த வேலையை அதுக்கு ஆர் சொன்னது எண்டு தேடப் போனதில்தான் இந்தக் கட்டுரை.

டீவீடி 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவுக்கு 1997 மார்ச்சில். அந்தக் காலத்தில் ஒரு ஹொலிவூட் படம் உலகம் முழுக்க ஒரே நாளில் வெளிவராது. படச்சுருளின் ஒவ்வொரு பிரதியையும் அடிக்கக் காசு வேண்டும். அமெரிக்காவில் ஓடிக் களைத்த பிரதிகள் பிறகு மற்ற நாடுகளுக்குப் போகும். ஆகவே ஒரு படம் அமெரிக்காவில் டீவீடியாக வரும் நேரத்தில் இன்னொரு நாட்டில் அது தியேட்டருக்கே வந்திருக்காது. டிஸ்க்கை ஒருவர் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறிவிட்டால் அந்த நாட்டுத் தியேட்டர்காரருக்கு நட்டம். ஒவ்வொரு நாட்டு உரிமையையும் தனித்தனியாக விற்கும் ஸ்ரூடியோவுக்கும் நட்டம். இதோடு விலையும் இருந்தது: ஓரிடத்தில் மலிவாக விற்பது இன்னோரிடத்துக்குப் போய்ச் சேரக்கூடாது.

அதனால் ஸ்ரூடியோக்கள் உலகத்தை ஆறாகப் பிரிக்கச் சொல்லிக் கேட்டன. அமெரிக்காவும் கனடாவும் 1. மேற்கு ஐரோப்பா, ஜப்பான், மத்திய கிழக்கு, தென்னாபிரிக்கா 2. தென்கிழக்காசியா, கொங்கொங், தாய்வான், தென்கொரியா 3. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, இலத்தீன் அமெரிக்கா 4. இந்தியா, இலங்கை, ரஷ்யா, ஆபிரிக்காவின் பெரும்பகுதி 5. சீனா தனியாக 6. விமானத்துக்கும் பயணிகள் கப்பலுக்கும் எண்டு 8ஆம் இலக்கமும் உண்டு. மொசாம்பிக்கும் மொங்கோலியாவும் மட்டக்களப்பும் ஒரே வலயத்தில் இருப்பதற்குப் பண்பாட்டிலோ புவியியலிலோ காரணம் தேடிப் பிரயோசனமில்லை. படம் பிந்திப் போகும் நாடுகள், மலிவாக விற்க வேண்டிய நாடுகள் எண்டு ஆரோ கோடு கீறியிருக்கினம். 1884இல் பேர்ளினில் ஆபிரிக்காவைப் பங்குபோட்ட மாநாட்டைப் படிச்ச ஆக்களுக்கு இந்தப் படத்தைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு வரும். அளவுக்கு மீறின ஒப்பீடுதான், ஒத்துக்கொள்ளுறன். இங்க ஒருத்தரும் சாகேல்ல.

ஆனால் இந்தப் படத்தை எங்கட குடும்பத்துக்கு மேல வச்சுப் பாருங்கோ. பெரியம்மா ரொறன்ரோ: 1. சித்தி லண்டன்: 2. அம்மாவின்ர ஒண்டுவிட்ட அண்ணா கோலாலம்பூர்: 3. மாமா சிட்னி: 4. நாங்கள்: 5. ஆறுக்கு மட்டும் ஆளில்லை. இதை வாசிக்கிற கனபேருக்கு இதே கணக்கு வரும். கோடு கீறியவர்கள் மனதில் வைத்திருந்த ஆள், பிறந்த நாட்டில் உழைத்து, அங்கேயே வாங்கி, அங்கேயே பார்த்து, சாகும்போது தன் சாமானை அதே தெருவில் இருக்கும் பிள்ளைக்கு விட்டுப் போகிறவர். பெரியப்பா அப்படிப்பட்ட ஆள் இல்லை.

எங்கட வீடுகளில் இந்தப் பூட்டு நெடுநாள் தெரியாமலே இருந்ததுக்கும் காரணம் உண்டு. லண்டனிலிருந்து ஐங்கரன் போன்ற நிறுவனங்கள் வெளியிட்ட தமிழ்ப் பட டீவீடிகள் உலகம் முழுக்கச் சிதறியிருக்கும் ஆக்களுக்கு விற்கவென்றே வந்தவை. இந்தியப் படங்களின் டிஸ்க்குகளில் பெரும்பாலானவற்றுக்கு றீஜன் பூட்டு இல்லை. கலியாண வீட்டு டிஸ்க், சாமத்தியவீட்டு டிஸ்க் எண்டு நாங்களே எழுதுற டிஸ்க்குகளிலும் இல்லை. அதுகள் ஓடாவிட்டால் காரணம் வேறு. கனடாவில் முந்தி இருந்த ஒளிபரப்பு முறை என்ரிஎஸ்சி, 525 கோடு. எங்கட முறை பால், 625 கோடு. பழைய ரீவி ஒன்று இந்த வித்தியாசத்தைச் சமாளிக்காவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாக உருண்டுகொண்டே இருக்கும். மின்சாரம் இன்னொரு கதை. 2003இல், ஏ9 திறந்திருந்த காலம், பெரியப்பா ஊருக்கு வரும்போது ஒரு பிளேயர் கொண்டுவந்தவராம். அங்க 120 வோல்ற், இஞ்ச 230. ஸ்ரெப் டவுன் போடாமல் அவரே செருகி, அவரே புகையையும் பார்த்தாராம். நான் அப்ப தொட்டிலில.

இனிப் பூட்டுக்கு வருவம். டிஸ்க்கில் ஒரேயொரு பைற் அளவில், எந்தெந்த வலயத்துக்கு அனுமதி என்று எழுதியிருக்கும். பிளேயரின் நினைவகத்தில் அதன் சொந்த இலக்கம் இருக்கும். இரண்டும் பொருந்தினால் படம், பொருந்தாவிட்டால் நீலத் திரை. அவ்வளவுதான். பிளேயருக்குள் எந்த உறுப்பும் குறைவாக இல்லை. எங்கட பிளேயருக்கு 'பதேர் பாஞ்சாலி'யை வாசிக்க முழுத் தகுதியும் உண்டு.

அப்படியென்றால் தயாரிப்பாளர் ஏன் கீழ்ப்படிந்தார்? ஸ்ரூடியோக்களின் டிஸ்க்குகள் சீஎஸ்எஸ் என்ற முறையில் மறைகுறியாக்கப்பட்டவை. அதைத் திறக்கும் சாவி வேண்டுமென்றால் லைசன்ஸ் எடுக்க வேண்டும். லைசன்ஸ் எடுத்தால் றீஜன் இலக்கத்தை மதிக்க வேண்டும். பூட்டு ஒப்பந்தத் தாளில்தான் இருந்தது. பெரிய கொம்பனிகளுக்கு அந்தத் தாளை மீற மனமும் இல்லை. சொனி 1989இலேயே கொலம்பியா பிக்சர்ஸை வாங்கியிருந்தது. பிளேயர் விற்கிறவரும் படம் விற்கிறவரும் ஒரே ஆள்.

மலிவுச் சாமான் செய்தவர்களுக்கு அப்படி எந்தப் படக் கொம்பனியும் சொந்தமில்லை. சீனத் தொழிற்சாலைகள் வாங்கிப் பொருத்திய சிப் எல்லாச் சந்தைக்கும் ஒன்றுதான். எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த இலக்கத்தைக் கடைசியில் றிமோட்டாலேயே, மறைந்திருக்கும் ஒரு மெனுவுக்குள் போய் மாற்றிவிடலாம். அந்த மெனுவுக்குப் போகும் வழி தொழிற்சாலைக்குள் மட்டும் நிற்குமா? 2000இல் அமெரிக்கக் கடைகளில் ஏபெக்ஸ் என்ற பெயரில் ஒரு பிளேயர் 200 டொலருக்கும் குறைவாக வந்தது. அதற்குள் ஒளிந்திருந்த மெனுவில் றீஜனையும் கொப்பிப் பாதுகாப்பையும் நிற்பாட்டலாம் என்று தெரிந்ததும் ஆக்கள் விழுந்தடித்து வாங்கினார்கள். அடுத்து வந்த பதிப்பில் மெனு இல்லை. ஆனால் அதற்குள் மற்ற மலிவுப் பிளேயர்களுக்கான இலக்கங்கள் இணையத்தில் கைமாறத் தொடங்கிவிட்டன. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். கூடக் காசு கொடுத்தவனுக்குப் பூட்டோடு கிடைத்தது. மலிவாக வாங்கினவனுக்குப் பூட்டில்லாமல் கிடைத்தது.

ஸ்ரூடியோக்கள் சும்மா இருக்கவில்லை. பிளேயரின் இலக்கத்தை டிஸ்க்கே கேட்டுப் பார்க்கிற ஒரு முறையை 2000இலேயே கொண்டுவந்தார்கள். எல்லா வலயமும் எனக்குச் சம்மதம் என்று சொல்லும் பிளேயரை அந்த டிஸ்க் சந்தேகப்பட்டு நிற்பாட்டிவிடும். கணினி ட்ரைவுகளிலும் 2000 தொடக்கம் பூட்டு உள்ளேயே வந்தது: ஐந்து தரம் வலயத்தை மாற்றலாம், ஐந்தாவது தரத்தோடு அப்படியே இறுகிவிடும். என்னுடைய பழைய லப்ரொப்பில் மூன்றை நானே முடித்திருந்தேன், எதுக்கெண்டே தெரியாமல்.

சீஎஸ்எஸ் மறைகுறி 1999 ஒக்டோபரில் உடைந்தது. அந்த மென்பொருளை வெளியிட்டவர்களில் ஒருவர் நோர்வேயைச் சேர்ந்த யோன் லெக் யொஹான்சன், அப்போது வயது 15. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கை லினக்ஸ் கணினியில் பார்க்க வேண்டும் என்பதே அவர் தரப்பு நியாயம். வழக்குப் போட்டார்கள். 2003 ஜனவரியில் ஒஸ்லோ நீதிமன்றம் விடுதலை செய்தது. அரச தரப்பு மேன்முறையீடு செய்து அதே வருச டிசம்பரில் திரும்பவும் தோற்றது. அவுஸ்திரேலியாவில் நுகர்வோர் ஆணைக்குழுவே றீஜன் முறை போட்டியைக் கெடுக்கிறதென்று கேள்வி எழுப்பியது. நியூசிலாந்து 2008இல் தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, சந்தையைப் பிரிப்பதற்காக மட்டும் போடும் இப்படியான பூட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று வைத்தது. பெரிய இடத்திலும் இந்தப் பூட்டு இடறியது. 2009இல் ஒபாமா பிரித்தானியப் பிரதமர் கோர்டன் பிரவுணுக்கு 25 அமெரிக்கப் படங்களின் டீவீடிகளைப் பரிசாகக் கொடுத்தார். றீஜன் 1 என்பதால் அவை லண்டனில் ஓடவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. எங்கட அம்மாவும் கோர்டன் பிரவுணும் ஒரே நீலத் திரையைப் பார்த்திருக்கினம்.

ராயின் டிஸ்க்குக்குத் திரும்பினால், அதன் கதை இன்னும் வலிக்கும். அப்பு படங்கள் மூன்றின் மூல நெகற்றிவ்கள் 1993இல் லண்டன் ஆய்வுகூடமொன்றில் நடந்த தீவிபத்தில் கருகிப்போனவை. எஞ்சியதை அமெரிக்க நிறுவனமான கிரைற்றீரியனும் அக்கடமியின் ஆவணக்காப்பகமும் சேர்ந்து, இத்தாலியின் பொலோஞ்ஞாவில் நெகற்றிவைப் பிரேம் பிரேமாகச் சரிசெய்து, 2015இல் வெளியிட்டன. அவர்கள் செய்யாவிட்டால் படம் இந்தத் தரத்தில் எங்கேயும் இல்லை. அதுக்கு நன்றி சொல்லத்தான் வேணும். ஆனால் வங்காளத்தில், ஐந்தாம் வலயத்தில், ஐந்தாம் வலயத்து ஆக்கள் எடுத்த படம் வட அமெரிக்காவுக்கான பூட்டோடு பெட்டிக்குள் வந்து, எங்கட வீட்டில் ஓடமாட்டேன் எண்டு நிக்குது.

சரி, என்ன வாங்கினனான் எண்டு கேப்பீங்கள். புதுப் பிளேயர் இப்ப கடைகளில் அரிது. புளூ-ரே பிளேயர் ஒண்டு வாங்கினா ரெண்டுக்கும் உதவும் எண்டு ஒரு நண்பன் சொன்னான். ஆனால் புளூ-ரேயில் வலயங்கள் வேறு: 2006இல் அது வந்தபோது உலகத்தை ஏ, பீ, சீ எண்டு மூன்றாக்கினார்கள், நாங்கள் சீ. 'றீஜன் ஃப்ரீ' எண்டு போட்டு விற்கும் புளூ-ரே பிளேயர்கள் பலதில் டீவீடிக்கு மட்டும்தான் அந்தச் சுதந்திரம். ரெண்டுக்கும் திறந்தது விலை கூட. 63 டீவீடிக்கு அது தேவையில்லை.

கடைசியில் டவுனில் ரீவி திருத்துற அண்ணை ஒருவரிட்ட, ஆரோ குடுத்திட்டுப் போன பெயர் தெரியாத சீனப் பிளேயர் ஒண்டு, 4000 ரூபா. காசு குடுக்க முதல் நாலு டிஸ்க் கொண்டுபோனன்: கனடாவில வாங்கினது ஒண்டு, சித்தி முந்தி அனுப்பினது ஒண்டு, ஒரு தமிழ்ப் படம், வீட்டில எழுதினது ஒண்டு. பின்பக்கத்தில 100-240 வோல்ற் எண்டு இருக்கோ எண்டு பார்த்தன். மெனுவில ரீவி முறையை ஓட்டோவில விடலாமோ எண்டு பார்த்தன். றீஜன் இலக்கத்தை மாற்றலாமோ எண்டு கேட்டன், ஏனெண்டால் சந்தேகப்படுற டிஸ்க்குகளுக்கு எல்லா வலயமும் திறந்திருந்தால் மட்டும் காணாது. அண்ணை டிரேயைத் திறந்துவைச்சு றிமோட்டில நாலைஞ்சு இலக்கம் அமத்த, ஒரு மெனு வந்தது. "தங்கச்சி, இதைப் படிக்கவோ கம்பஸ் போறனீ?" எண்டு கேட்டார்.

முதல் மூன்று டிஸ்க்கும் ஓடின. வீட்டுக்கு வந்து 'பதேர் பாஞ்சாலி'யைப் போட்டம். துர்கா மழையில் நனைகிற இடத்தில் அம்மா எழும்பிப் போய் வாசல் லைற்றைப் போட்டிட்டு வந்து திரும்ப இருந்தா. பெட்டியில் இரண்டு டிஸ்க் முரண்டு பிடித்தன. றீஜனை 1 எண்டு மாற்றினதும் அவையும் ஓடின.

ஓடாதது அந்த நாலாவதுதான். 2004இல் பெரியப்பா வீட்டிலேயே எழுதி அனுப்பின, மூத்த அக்காவின்ர கலியாணம். றீஜனும் இல்லை, சீஎஸ்எஸும் இல்லை. டிஸ்க்கின் விளிம்பில் பூச்சு மங்கிப்போச்சு. வேறு ட்ரைவில் மெதுவாக வாசித்துப் பார்க்கலாம் எண்டு விஞ்ஞான பீடத்துச் சிநேகிதன் ஒருத்தன் சொன்னவன். திங்கக்கிழமை அவனிட்டக் குடுத்திருக்கிறன்.